சாவிக்காரன் ஒருத்தன், சமாளிக்கிறவன் ஒருத்தன்

மருமவனே, உன் புள்ள கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடறதுக்கு முந்தியே உங்க வூட்டுல சண்டை ஆரம்பிச்சிட்டுதுன்னு உங்கம்மா போன்ல சொன்னா. சந்தோசம். சண்டையே இல்லாம நடக்கற கல்யாணத்துல எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனா சண்டை எதுக்குன்னு கேட்டன் பாரு, அங்கதான் சிரிப்பு வந்துட்டுது. மண்டபத்துலயே மேனேஜர் ஒருத்தர் இருக்காரு, எல்லாத்தையும் அவரே பாத்துக்குவாரு, தனியா இன்னொரு ஆளுக்கு எதுக்குத் தண்டம் அழுவணும்னு நீ சொல்றியாம். பிளானர் வச்சாச்சி, இனிமே மண்டபத்துப் பக்கமே போவாத, வாயையும் தொறக்காதன்னு உன் புள்ள சொல்றானாம். அப்பனும் புள்ளையும் ஆளுக்கொரு பக்கமா தப்பா நிக்கறீங்க. எங்க வழியில வந்த புத்தி இல்ல இது. உங்கப்பன் வழி.

கோவிச்சிக்காத. தாய்மாமன் சொல்லாம ரோட்டுல போறவனா வந்து சொல்லுவான்?

மொதல்ல மேனேஜரப் பாப்போம். விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும் ஆளு ஒரே தினுசுதான். வெள்ள சட்டை, கையில சாவிக்கொத்து, மேசை மேல ரசீது புக்கு, பின்னாடி சொவுத்துல முகூர்த்த நாளுக்கெல்லாம் வட்டம் போட்ட காலண்டரு. அவருக்குச் சம்பளம் குடுக்கறது மண்டபத்து ஓனரு. நீ இல்ல. இத்த மறந்துட்டுத்தான் பாதி ஜனம் அவருகிட்ட உரிமையா கோவிச்சிக்குது. அவரு கவலை மொத்தமும் கட்டடத்து மேல. தண்ணி ஏறுதா, லைட்டு எரியுதா, ஏ.சி. ஓடுதா, கக்கூஸ் அடைச்சிக்கிச்சா, எவனாவது ரூம்பு மெத்தையில வெத்தல எச்சியத் துப்பி வச்சிட்டானா. மொத நாள் மத்தியானம் மூணு மணிக்குச் சாவி குடுப்பாரு, மறுநாள் மூணு மணிக்குத் திருப்பி வாங்குவாரு. மூணே காலு ஆச்சின்னா அடுத்த பார்ட்டியோட அண்டா குண்டா வந்து கேட்டுல நிக்கும். உன் சம்பந்திக்கு மயக்கமே வந்தாலும் அவரு கண்ணு கடியாரத்து மேலதான் இருக்கும். கெட்டவரு இல்ல, வேலை அப்படி. உன் புள்ளைக்கு இது ஒரே ஒரு கல்யாணம், அப்படித்தான் நம்புவோம். அவருக்கு இது வெள்ளிக்கெழம பார்ட்டி.

அடுத்தது பிளானர். மெட்ராஸ்லேருந்து வந்துச்சே ஒரு பொண்ணு, கையில டேப் வச்சிக்கினு, செருப்ப வாசல்லயே வுட்டுட்டு, உங்கம்மாவ மொத பார்வையிலயே பாட்டின்னு கூப்புட்டுச்சே. கெட்டிக்காரி. அது உன் காசுல வர்ற ஆளு. எந்த மண்டபத்துல நடந்தாலும் உன்கூட வரும், மண்டபம் மாறுனாலும் மாறாது. சமையல் மாஸ்டர் யாரு, பூ யாரு, மேளம் யாரு, போட்டோ யாரு, பொண்ணுக்கு மேக்கப் போடற அம்மா எத்தினி மணிக்கு எழுந்துக்கணும், ரிசப்ஷன் முடிஞ்சி பொண்ணு மாப்பிள்ளைக்குச் சோறு யாரு எடுத்து வைக்கறது, எல்லாம் அதும் கணக்கு. மேனேஜரு உனக்கு ஒரே ஒரு நாள் சொந்தம். இது ஆறு மாசம் சொந்தம்.

அது உன்கிட்ட எத்தினி பேரு வருவாங்கன்னு கேட்டுச்சே, நீ இன்னா சொன்ன? "ஆயிரமும் வரும், ஐந்நூறும் வரும்." அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தியா? அந்த ஒரு பதிலுக்கே அதும் சம்பளத்துல ஒரு பங்கு குடுக்கலாம்.

நம்ப செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்த நெனச்சிப் பாரு, எல்லாம் வெளங்கிப் பூடும். தர்மகர்த்தா இருக்காரே, அவரு எடம் வுடுவாரு, கரண்டு இழுத்துக் குடுப்பாரு, செருப்பு போட்டுக்குனு உள்ள வராதம்பாரு, விடிஞ்சதும் முடிச்சிடணும்பாரு. கட்டியங்காரன் வேற. அவன் ஜமாவோட ஆளு. துரியோதனன் வேசம் கட்டறதுக்கு லேட்டானா நடுவுல நின்னு கதை சொல்லிச் சமாளிப்பான், தூங்கறவன எழுப்பி வுடுவான், பாட்டு மறந்தவனுக்கு அடி எடுத்துக் குடுப்பான். பல்பு பீஸ் போனா தர்மகர்த்தாவக் கேளு. துரியோதனன் குடிச்சிட்டு வந்தா தர்மகர்த்தா இன்னா சொல்லுவாரு? "அது உங்க ஜமா சமாச்சாரம்." நீ இன்னா பண்ற, கட்டியங்காரனே வேணாம், தர்மகர்த்தாவையே கூத்தையும் நடத்தச் சொல்லலாம்ங்கற. உன் புள்ள, கட்டியங்காரன் வந்துட்டான், தர்மகர்த்தாவுக்கு ஒரு கும்புடு கூட போட வேணாம்ங்கறான்.

இதெல்லாம் கெழவன் கட்டிச் சொல்ற கதைன்னு நெனைக்காத. நான் படிச்சது அஞ்சாங்கிளாசு, ஆனா டீக்கடை பேப்பர ஒரு வரி வுடாம பாக்கறவன். 1997 ஜூலை 1ஆம் தேதிலேருந்து கல்யாண மண்டபத்துக்கு சர்வீஸ் டாக்ஸ் போட்டாங்க, அப்ப நூத்துக்கு அஞ்சி. நம்ப தமிழ்நாடு கல்யாண மண்டபச் சங்கத்துக்காரங்க வழக்குப் போட்டாங்க. இது நிலத்து மேலயும் சோத்து மேலயும் வுழற வரி, இத்தப் போட டில்லிக்கு அதிகாரம் கெடையாதுன்னு வாதாடுனாங்க. சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சி. 2004-ல தீர்ப்பு. கோர்ட்டு ஒத்துக்கல. மண்டபத்துக்காரரு வெறும் எடத்த மட்டும் குடுக்கல, விசேசம் நல்லபடியா நடக்க வேண்டிய சேவையும் சேத்துத்தான் குடுக்கறாரு, அது தொழில் அனுபவத்துல செய்யற சேவைன்னு சொல்லிட்டுது.

அதுல எனக்கு இன்னா ருசின்னா, வரி கட்டணும்னு வந்தா "நாங்க எடந்தான் குடுக்கறோம்" கதை. உன்கிட்ட அட்வான்ஸ் வாங்கும்போது "கவலைப்படாதீங்க சார், எல்லாம் நம்ப பொறுப்பு." கல்யாணத்தன்னைக்கு மாடி ரூம்புல வெந்நி வரலன்னு கேளு, மறுபடியும் எடந்தான் குடுத்திருப்பாங்க.

இன்னொண்ணும் கவனி. அதே சர்க்காரு 2002 ஆகஸ்டுல ஈவன்ட் மேனேஜ்மென்டுன்னு தனித் தலைப்பு போட்டு அதுக்கு ஒரு வரி வச்சிது. 2004 செப்டம்பர்ல பந்தக்காரனுக்குத் தனி, வெளி சமையல்காரனுக்குத் தனி. 2017-ல ஜி.எஸ்.டி. வந்து அந்தத் தலைப்பெல்லாம் போச்சி, மண்டப வாடகைக்கு இப்ப நூத்துக்கு 18. ஆனா வரி வாங்கறவனுக்கே அன்னைக்குத் தெரிஞ்சிருக்கு, மண்டபம் வேற, நடத்தி வைக்கிற ஆளு வேற, சோறு போடறவன் வேறன்னு. எம்.காம். படிச்ச உனக்குத் தெரியல. மேனேஜரு பில்லு வேணுமா, சும்மா ரசீது போதுமான்னு கண்ணடிச்சிக் கேப்பாரு. அப்ப மட்டும் நீ யோக்கியனா இருந்துக்கோ. பில்லு இல்லாதவனுக்கு நியாயம் கேக்க எடம் கெடையாது.

சரி, ரெண்டு பேரையும் வச்சிக்கலாம்னே வையி. அப்பவும் நடுவுல ஒரு சந்து இருக்கும். எல்லாக் கல்யாணத்துலயும் மானம் போறது அந்தச் சந்துலதான்.

அரசாணிக்கால எடுத்துக்கோ. அந்தக் காலத்துல வாசல்ல குழி தோண்டி நட்டோம். இப்ப மண்டபம் பூரா கிரானைட்டு, கடப்பாரையக் கண்டா மேனேஜருக்கு ஜொரமே வந்துடும். அதனால தகர டின்னுல மண்ணு ரொப்பி அதுல நடுவாங்க. அந்த டின்னு யாரு கொண்டாரது? மண்டபத்துல இருக்கும்னு பிளானர் நெனைக்கும். பார்ட்டி கொண்டாருவாங்கன்னு மேனேஜர் நெனைப்பாரு. விடியக்காத்தால நாலரை மணிக்கு, ஐயர் மணையில உக்காந்துட்ட பொறவு, எவனோ ஒரு பையன் மண்ணு தேடிக்குனு பைபாஸ் ரோட்டுல ஓடுவான். இந்த ஜில்லாவுல ஏரி மண்ணுக்கா பஞ்சம்? இருந்தாலும் அந்த நேரத்துக்கு டின்னு கெடைக்காது.

ஓமப் பொகை அடுத்தது. ஏ.சி. ஹாலு, மேல அட்டைக் கூரை. நெய்யிக் கொஞ்சமா வுடுங்க சாமின்னு மேனேஜர் சொல்லுவாரு. ஐயரு மேனேஜரு பேச்ச என்னைக்குக் கேட்டாரு? ஓமம் நடக்கற நேரத்துக்கு ஏ.சி.ய நிறுத்தி ஜன்னலத் தொறந்து வுடலாமான்னு முன்னாடியே கேட்டு வைக்கறது பிளானர் வேலை, தொறந்து வுடறது மேனேஜர் வேலை. கேக்கவும் இல்ல, தொறக்கவும் இல்லன்னா தாலி கட்டற போட்டோவுல எல்லாரும் அழுவற மாதிரி இருப்பீங்க. பொண்ணு வூட்டுக்காரங்க அழுதா பரவால்ல, நீ ஏண்டா அழுவணும்?

கரண்டு வெவகாரம் பெரிசு. உள்ள போற அன்னைக்கு ஈ.பி. மீட்டர செல்போன்ல ஒரு போட்டோ புடிச்சிக்கோ, சாவி குடுக்கற அன்னைக்கு இன்னொண்ணு. யூனிட்டுக்கு எவ்ளோன்னு ரசீதுல எழுதி வாங்கு. ஜெனரேட்டரு மணிக்கு எவ்ளோ, டீசல் உன்னுதா அவுங்குளுதான்னு கேளு. ரிசப்ஷன் ஏழு மணிக்குன்னா, டெக்கரேஷன்காரன் மேடையில இருக்கற லைட்டெல்லாம் போடுவான், டி.ஜே. பையன் ஆளுயர ஸ்பீக்கர மாட்டுவான், டப்புன்னு எல்லாம் நின்னுடும். லோடு தாங்கலம்பாரு மேனேஜரு. இவ்ளோதான் லோடுன்னு முன்னாடியே ஏன் சொல்லலன்னு கேக்கும் பிளானர் பொண்ணு. கேட்டா சொல்லிருப்போம்பாரு. இருட்டுல நின்னுக்குனு ரெண்டு பேரும் நியாயம் பேசுவாங்க, ரெண்டு பேரு சொல்றதும் சரியாத்தான் இருக்கும். அதுக்குத்தான் சொல்றன், கல்யாணத்துக்குப் பத்து நாளு முந்தி மேனேஜரு, பிளானரு, சமையல் மாஸ்டரு, டெக்கரேஷன்காரன் நாலு பேரையும் அந்த ஹாலுலயே நிக்க வச்சிப் பேசு. போன்ல பேசாத. போன்ல எல்லாரும் "பாத்துக்கலாம் சார்"தான். எவன் பாப்பான்னு நேர்ல கேட்டா ஒருத்தன ஒருத்தன் பாத்துக்குவாங்க, அப்ப உனக்கே தெரிஞ்சிடும் ஓட்டை எங்க இருக்குன்னு.

பொண்ணழைப்பு ஊர்வலம் ராத்திரி பத்து மணிய தாண்டக் கூடாது. பத்துலேருந்து காலையில ஆறு வரைக்கும் வெளியில ஸ்பீக்கர் போடறது சட்டப்படி தப்பு. ஸ்டேஷன்லேருந்து ஆளு வந்தா மேனேஜரு மண்டபத்துக்குள்ள நின்னுக்குவாரு, ரோடு அவுரோடது இல்ல. கல்யாணத்தப் பதிவு பண்றதும் உன் தலையிலதான். 2009 சட்டப்படி 90 நாளைக்குள்ள பதியணும். அதுக்கு மண்டப ரசீதும் பத்திரிகையும் பத்திரமா எடுத்து வையி. மேனேஜரு வயசு சர்டிபிகேட் கேட்டாருன்னா மொறைக்காத. சின்ன வயசுக் கல்யாணத்துக்கு எடம் குடுத்தா அவரும் சேந்து மாட்டிக்குவாரு, 2006 சட்டம் அப்படி.

மழையப் பத்தி யாருமே பேசலியே. கார்த்திகையில முகூர்த்தம் வச்சிருக்கீங்க. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டிப் பக்கம் கரை ஏறுச்சே, மறந்துட்டியா? மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல பாலத்துல தண்ணி ஏறி ரயில நிறுத்துனாங்க. அரசூர்ல பெண்ணையாத்துத் தண்ணி ஹைவே மேல ஓடுச்சி. அஞ்சி பக்கம் தண்டவாளம் போற ஜங்ஷனு நம்ப விழுப்புரம்னு பெருமை பேசுவோமே, அன்னைக்கு மெட்ராசுக்கு ரயில்ல போறதுக்கே வழியில்ல. அப்படி ஒரு நாள்ல உன் கல்யாணம் வந்துச்சின்னு வையி. அட்வான்சக் கேட்டா மேனேஜரு இன்னா சொல்லுவாரு? "மண்டபம் தொறந்துதானே சார் இருந்துச்சி." ஞாயந்தான். கட்டடம் எங்கியும் ஓடிப் போவல. புயலு வெள்ளம்னா தேதி மாத்திக் குடுப்பீங்களா, பணம் எவ்ளோ திரும்பும்னு இப்பவே எழுதி வாங்கணும். பிளானர் பொண்ணுகிட்ட வேற கேள்வி. பூ கோயம்பேட்டுலேருந்து வருதாமே, பெருங்களத்தூர்லயே வண்டி நின்னா விழுப்புரம் மார்க்கெட்டுல யாருகிட்ட சொல்லி வச்சிருக்கன்னு கேளு. மேக்கப் போடற அம்மாவ மொத நாளே கொண்டாந்து தங்க வைக்க முடியுமான்னு கேளு. பதில் டக்குன்னு வந்தா அது கேக்கற காசக் குடு. "அப்படியெல்லாம் ஆவாது அங்கிள்"னு சொன்னா, பாதி காசு குடு.

உன் பொண்டாட்டிக்கு இன்னொரு ஆசை இருக்காம், கோட்டக்குப்பம் தாண்டி ஈ.சி.ஆர்.ல பீச் ரிசார்ட்டுல வைக்கணும்னு. அதுவும் நம்ப ஜில்லாதான், போய்ப் பாத்துட்டு வந்தன். அங்க மேனேஜருக்குக் கோட்டு போட்டு வுட்டுருக்காங்க. சமையலும் அவுங்குளுது, ரூம்பும் அவுங்குளுது, தட்டுக்கு இவ்ளோன்னு கணக்கு. அதனால அந்தத் தம்பி பிளானரு வேலையும் சேத்துப் பாக்கற மாதிரியே பேசும். சிரிச்ச மொகம் வேற. ஆனா அதுக்கும் சம்பளம் ஓட்டல்காரன்தான் குடுக்கறான். சாயந்திரம் உன்கிட்ட "நான் இருக்கேன் சார்"னு சொன்ன தம்பிக்கு ராத்திரி பத்து மணிக்கு ஷிப்ட் முடிஞ்சிடும். காலையில தாலி கட்டற நேரத்துக்கு வேற தம்பி நிக்கும், அதுக்கு உன் பேரே தெரியாது.

பிளானரையும் ரொம்பத் தூக்கி வைக்காத. மொத்தச் செலவுல நூத்துக்கு இவ்ளோன்னு வாங்கற ஆளா, மொத்தமா ஒரு தொகை பேசற ஆளான்னு பாரு. நூத்துக்கு இவ்ளோன்னா நீ எவ்ளோ செலவு பண்றியோ அவ்ளோ அதுக்கு லாபம், செலவக் கொறைக்கச் சொல்லி எந்த நாக்கு பேசும்? மேனேஜரும் "நம்ப ஆளுங்கதான் சார்"னு ஒரு சமையல்காரன் நம்பரு, ஒரு பூக்காரன் நம்பரு குடுப்பாரு. அந்த நம்பருக்குள்ள அவரு பங்கும் இருக்கும். இருக்கட்டும், தப்பில்ல. உனக்குத் தெரிஞ்சி இருக்கணும், அவ்ளோதான்.

அப்பறம் அந்தப் பொண்ணு எழுதுன நிகழ்ச்சி நிரலப் பாத்தன். சங்கீத்துக்கு ரெண்டு மணி நேரம். உங்கம்மா முட்டிய வச்சிக்குனு இன்னா டான்ஸ் ஆடப் போறாளோ. நலங்குக்கு இருவது நிமிசம். பட்டம் கட்டறதுக்கு மூணு நிமிசம்! உன் மச்சானுங்க நாலு பேரு இருக்கானுங்க, யாரு மொதல்ல கட்டறதுன்னு பேசி முடிக்கவே அரை மணி ஆவும். மூத்தவன் கோவிச்சிக்குனு வாசல்ல போய் பீடி பத்த வைப்பான். அவன சமாதானம் பண்ணிக் கூட்டியாரது மேனேஜரு வேலையா, பிளானரு வேலையா? எந்த ரசீதுலயும் அது இல்ல. மேனேஜரு பீடிய வெளிய போய்க் குடிங்கம்பாரு, பிளானரு அடுத்த ஐட்டத்துக்குப் போயிடலாமான்னு மைக்ல கேக்கும்.

மொய் நோட்ட யாரு கையிலயும் குடுக்காத, நம்ப பங்காளி ஒருத்தன் எழுதட்டும், பையி இன்னொருத்தன் மடியில இருக்கட்டும். தாலி, கூறைப்பொடவை, நகைப் பையி உன் தங்கச்சி கையில, வேற ரூம்புல. சாப்பாட்டு எலைக் கணக்கு ரொம்ப முக்கியம். எலைக்கு இவ்ளோன்னு பேசிருக்கற, பந்தி முடிய முடிய எத்தினி எலை எழுந்துச்சின்னு மாஸ்டரு ஆளு ஒருத்தன் எண்ணுவான். நம்ப பக்கம் எண்ண ஆள் இல்லன்னா அவன் சொன்னதுதான் கணக்கு. மேனேஜரு எண்ண மாட்டாரு, அது சமையல்காரன் பாடு. பிளானரு மேடையாண்ட நிக்கும். அதுக்கு பல்லு போனாலும் கண்ணு போகாத கெழவன் ஒருத்தன் பந்தி வாசல்ல சேர் போட்டு உக்காந்தா போதும். ஸ்டோர் ரூம்பு சாவியும் அவன் மடியிலயே இருக்கலாம். எண்ணெ டின்னும் முந்திரிப் பாக்கெட்டும் பின்வாசல் வழியா நடந்து போவாது. யாரு அந்தக் கெழவன்னு நான் சொல்ல மாட்டன்.

முன்னெல்லாம் இந்த ரெண்டு வேலையும் ஒரே ஆளு பாத்தான், காசு வாங்காம. ஊருல ஒரு மாமன் இருப்பான், பந்தல் போடறதுலேருந்து பாயி சுருட்டற வரைக்கும் அவந்தான். காசு வாங்கலன்னா சும்மா செஞ்சான்னு அர்த்தம் இல்ல. பத்து வருசத்துக்கு எல்லார் வூட்டுலயும் அவன் சொன்னதுதான் சட்டம், அதுதான் அவன் கூலி. பிளானர் பொண்ணு பணத்த வாங்கிக்குனு பூடும், உன் குடும்பத்துல மூக்க நுழைக்காது. ஒரு வகையில அது சல்லிசு.

இதெல்லாம் வேணாம், செலவே ஆவக் கூடாதுன்னா மயிலம் மலையில முருகன் முன்னாடி தாலி கட்டிட்டு, கீழ எறங்கி வந்து நம்ப ஜனத்துக்கு ஒரு வேள சோறு போடு. பிளானரும் வேணாம், டி.ஜே.வும் வேணாம். சொன்னா உன் பொண்டாட்டி ஒத்துக்க மாட்டா, உன் புள்ள என்கூடப் பேச மாட்டான். தெரியும். சொல்லி வைக்கறது என் கடமை.

பத்திரிகை புரூப்பு வந்துட்டுதாமே, எடு பாக்கலாம். கண்ணாடியக் குடு. தங்கள் வரவை விரும்பும்... உன் மச்சானுங்க நாலு பேரு... அத்தை மக்கள்... டேய், என் பேரு எங்கடா? இந்தக் கடைசி வரியில, "மற்றும் உற்றார் உறவினர்"னு போட்டிருக்கியே, இதுக்குள்ளயா இருக்கறன் நான்? பிரஸ்ஸுக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல போடு, நானே பேசறன்.